பெரியவர்கள் தொட வேண்டாம்

"இது முப்பத்தோராவது, லொரெய்ன்! ஊர்ல இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களா, இல்ல எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்களா?"

தலைமையாசிரியர் வெண்டல் திபடோ, கையிலிருந்த புகார்ப் படிவத்தை நூலக மேஜையில் தொப்பென்று போட்டார். பள்ளி நூலகர் லொரெய்ன் பெல்கி, கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இது யாரு?"

"ஆணிக்கடை ஏமோஸ். கதை முழுக்க முழங்கால் வலியும் பென்ஷனுமாவே இருக்காம். பதினோரு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கவலையெல்லாம்னு கேக்கறார்."

"நியாயமான கேள்விதான்."

"சிரிக்காதீங்க."

ஒவ்வொரு ஜூன் மாதமும், பள்ளி மூடுகிற அன்று, லொரெய்ன் இரண்டு பட்டியல் போடுவார். கோடை விடுமுறையில் படிக்க, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு புத்தகம், பெரியவர்களுக்கு ஆறு. பத்தொன்பது வருட வழக்கம். இந்த வருடம் பிள்ளைகள் பட்டியலின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இவை பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்கள் தொட வேண்டாம்.'

அன்றைக்குப் பிடித்தது சனி.

"அந்த வரியை ஏன்தான் எழுதித் தொலைச்சீங்க? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கு. பள்ளிக் குழுத் தலைவி டார்கஸ் மட்டும் நாலு புகார் குடுத்திருக்கா, தெரியுமா?"

"நாலா? நான் மூணுன்னு நினைச்சேன்."

"நேத்து இன்னொண்ணு. அது போக, புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைங்க கைக்கு அது திரும்ப வரவே இல்லையாம். பெத்தவங்களே பறிச்சு வெச்சுக்கிட்டாங்களாம்."

"அதனால என்ன? பிள்ளைங்க பெரியவங்க பட்டியல் அலமாரியைத் துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு புத்தகம் மிச்சமில்ல."

"ஐயோ! அது வேறயா! அதை இன்னிக்குக் கூட்டத்துல வாயைத் திறந்து சொல்லிடாதீங்க."

வெண்டல் நாற்காலியில் சாய்ந்தார். கோடை முடியப்போகிறது; சாயந்திரம் ஆறு மணிக்குப் பள்ளிக் குழுக் கூட்டம். வசந்த காலத்திலேயே குழு கறாராகச் சொல்லிவிட்டது: ஊரார் வரிப்பணத்தில் நடக்கிற நூலகம் ஊராருக்கும் பயன்பட வேண்டும். கோடை முடிவதற்குள் இருபது பெரியவர்களாவது ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் நூலகத்தை மூடிவிட்டு அந்த அறையில் உடற்பயிற்சிக் கூடம். லொரெய்னுக்கு வேலை போய்விடும்.

கையெழுத்துத் தாள் சுவரில் தொங்கியது. அதில் இரண்டே பெயர். ஒன்று லொரெய்ன், இன்னொன்று பள்ளிச் சமையற்காரி ஹில்டா.

"சொன்னா கேளுங்க," என்றார் வெண்டல். "பட்டியலை வாபஸ் வாங்கிட்டு ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க. பாதி நேர வேலையாவது தங்கும்."

"பார்ப்போம். நீங்க அந்தப் படிவங்களை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க. முப்பத்தொண்ணையும்."

"நமக்கு நாமே தூக்குக் கயிறு திரிக்கணுமா?"

"எடுத்துட்டு வாங்க, வெண்டல்."

ஆறு மணிக் கூட்டத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் முன்வரிசையில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தார். படகுத்துறையிலிருந்து சிங்கி இறால் பிடிக்கிறவர்கள் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராக வந்திருந்தார்கள். டார்கஸ் ஹான்ஸ்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"ஒரே கேள்விதான், லொரெய்ன். இருபது பேர் கையெழுத்து இருக்கா?"

"சுவர்ல இருக்கற தாள்ல ரெண்டு இருக்கு."

"அப்போ ஓட்டுக்கு விட்டுடலாமா?"

"விடுங்க. அதுக்கு முன்னால, வெண்டல் கையில இருக்கற படிவத்துல, கையெழுத்துக்கு மேல ஒரு வரி அச்சாகியிருக்கு. அதை மட்டும் படிக்கச் சொல்லுங்க. கேள்விப்பட்டதை வெச்சு யாரும் புகார் குடுக்கக் கூடாதுன்னு இந்தக் குழுவே எட்டு வருஷத்துக்கு முன்னாடி சேர்த்த வரி."

வெண்டல் படிவத்தைத் தூரப் பிடித்தார். நெருங்கப் பிடித்தார். பிறகு மெதுவாகப் படித்தார்: "'மேற்கண்ட புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை முழுமையாகப் படித்தேன் என்று உறுதி கூறுகிறேன்.'"

எல்லாத் தலையும் அவர் கையிலிருந்த படிவக் கட்டின் பக்கம் திரும்பியது.

"எத்தனை பேர் போட்டிருக்காங்க?" டார்கஸின் குரல் இறங்கியிருந்தது.

வெண்டல் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். "படிவம் முப்பத்தொண்ணு. நாலு உங்களுது. ஆள் கணக்குல இருபத்தெட்டு."

பின்வரிசையில் ஹில்டா குபீரென்று சிரித்துவிட்டாள். ஏமோஸ் எழுந்தே நின்றுவிட்டார். "நான் பொய்க் கையெழுத்துப் போடற ஆள் இல்ல. படிச்சேன். கடைசி அத்தியாயத்தை ரெண்டு தடவை!"

உடற்பயிற்சி ஆசிரியர் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார். ஓட்டெடுப்புக்கே வேலையில்லாமல் போயிற்று.

வெளியே, கார் நிற்கிற இடத்தில், வெண்டல் ஓட்டமும் நடையுமாக லொரெய்னைப் பிடித்தார்.

"எமகாதகி! 'பெரியவர்கள் தொட வேண்டாம்'னு எதுக்குப் போட்டீங்கன்னு இப்பத்தான் புரியுது. ஆனா ஒண்ணு. முழங்கால் வலியையும் பென்ஷனையும் போய் பிள்ளைங்க பட்டியல்ல ஏன் சேர்த்தீங்க?"

"எங்க சேர்த்தேன்?" லொரெய்ன் கார்க் கதவைத் திறந்தார். "வருஷா வருஷம் போடற மாதிரி பிள்ளைங்களுக்கு ஆறு, பெரியவங்களுக்கு ஆறுதான் போட்டேன். ரெண்டு பட்டியலோட தலைப்பை மட்டும் மாத்தி ஒட்டிட்டேன்."