பதினான்காம் வளைவின் பெருமை

காட்டு மலைச்சாலையின் பதினான்காம் கொண்டை ஊசி வளைவுக்குத் தன் அழகின்மேல் தனிப் பெருமை. ஏறிவரும் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இறங்கிப் படம் எடுப்பார்கள்.

"என்னைப் பார்க்கத்தானே நிற்கிறார்கள்!" என்றது வளைவு.

"அட, போங்கள் அண்ணே! மூச்சு முட்டி நிற்கிறார்கள். படம் வெறும் சாக்கு," என்று தடுப்புச் சுவரில் இருந்த குரங்கு இளித்தது.

மறுநாள் காலை ஒரு பெண் நிற்காமலே மிதித்து ஏறிப் போனாள்.

"பார்த்தீர்களா? மூச்சு இருப்பவர்கள் நிற்பதில்லை," என்றது குரங்கு.

மாலையில் அவள் காற்றாய் இறங்கி வந்தாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, படம்கூட எடுக்காமல், பள்ளத்தாக்கையே நெடுநேரம் பார்த்து நின்றாள்.

வளைவு நிதானமாகக் கேட்டது: "ஏனப்பா, இறக்கத்தில் யாருக்கு மூச்சு முட்டும்?"