பிச்சுமணியின் கணக்கை நம்புகிறவர்கள்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: உலகம் நெடுநாளாகக் காத்திருந்த முடிவொன்று, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேல்சாமியின் லாட்டரித் தட்டுக்கு முன்னால் வெளியாகவிருந்தது. ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர் கரமனை பிச்சுமணி, அந்த வாரத்து எண்ணைத் தேர்ந்தெடுக்க சிட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

தட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஒருவரும் டிக்கெட்டைத் தொடவில்லை. பிச்சுமணியின் வழுக்கை தூரத்தில் தெரிந்ததுமே "சார் வந்தாச்சு, சார் வந்தாச்சு" என்று முணுமுணுப்பு ஓட, எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

நிறையத்தானே வேண்டும்? காலையில் வீட்டில் நடந்தது அப்படி.

"ஒன்றரை வருஷமா வாரம் தப்பாம வாங்கறேள். ஒரு நூறு ரூபா விழுந்ததோ?" தோசைத் திருப்பியை நீட்டிக்கொண்டு கேட்டாள் மனைவி சூடாமணி. "உங்க கணக்கை நம்பற ஆள் ஒருத்தரை, ஒரே ஒருத்தரைக் காட்டுங்கோ. இல்லையா, அந்த நோட்டு அத்தனையும் இன்னிக்கே பழைய பேப்பர்காரனுக்காக்கும்."

நோட்டு என்று அவள் அலட்சியமாகச் சொன்னது பதினாறு வருடத்துக் குலுக்கல் முடிவுகளை. அடிக்கடி வரும் இலக்கம் பச்சை மையில், வராமல் டிமிக்கி கொடுக்கும் இலக்கம் சிவப்பு மையில். நெடுநாள் வராத இலக்கம் வந்தே தீரும் என்பது பிச்சுமணியின் கோட்பாடு. குலுக்கும் இயந்திரத்துக்கு இதை யாரும் தெரியப்படுத்தவில்லை என்பது ஒன்றுதான் அதிலிருந்த குறை.

"வாங்க சாமி, உக்காருங்க." வேல்சாமி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சொல்லாமலே டீ வந்தது, அவருக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை இல்லாமல்.

"முதல் பரிசோட கடைசி இலக்கத்துல ஏழு வந்து நாப்பத்தொரு நாளாச்சு. நன்னாத் தூங்கிண்டிருக்கு." பிச்சுமணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "இன்னிக்கு முழிச்சுண்டே ஆகணும். வேற வழியே கிடையாது அதுக்கு."

இந்த ஊர் லாட்டரியில் எண்ணை நாமாக எழுதிக் கொடுக்க முடியாது. அச்சாகி வந்ததில் பொறுக்கத்தான் முடியும். பிச்சுமணி பொறுக்கினார். சுற்றிலும் அப்படியொரு அமைதி. முப்பது வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தபோது ஒரு நாள்கூட வாய்க்காத அமைதி. கடைசியில் இருபத்தேழில் முடிகிற ஒரு டிக்கெட்டை இரண்டு விரலால் உருவி, எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார்.

அதே எண்ணில், முன்னால் வேறு எழுத்துகளோடு, இன்னும் பதினொரு டிக்கெட் தட்டில் இருந்தது. வேல்சாமி அவற்றைக் கிளிப்போடு எடுத்துத் தட்டுக்கு அடியில் தள்ளினார். தன் ஞானம் கண்ட கண்ட ஆட்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்கிற மரியாதை என்று பிச்சுமணி புரிந்துகொண்டார்.

மறு நிமிடம் கூட்டம் தட்டின்மேல் பாய்ந்தது.

"எனக்கு ரெண்டு!"

"அண்ணாச்சி, அந்த ஓரத்துல இருக்கது எனக்கு!"

"பாத்தீயளா சாமி?" வேல்சாமி காசை வாங்கிப் போட்டபடியே சொன்னார். "நீங்க வாரதுக்கு முந்தி சாயங்காலம் வரைக்கும் ஈ ஓட்டுவேன். நிப்பாட்டிராதீய சாமி, புண்ணியமாப் போகும்."

பிச்சுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"சூடா, ஒரே ஒருத்தரைக் காட்டச் சொன்னியோல்லியோ? இப்போ கேளு!" கூட்டத்தைப் பார்த்துக் கல்லூரிக் குரலை எடுத்தார். "நீங்கள்லாம் என் கணக்கை நம்பறேளா?"

"பின்னே நம்பாதெ?" என்றான் ஆட்டோ ஓட்டும் ஷிஜு, மலையாளம் கலந்த தமிழில். "சார் வராத சனியாழ்ச்சை நான் டிக்கெட்டே எடுக்க மாட்டேன். சத்யம்!"

"சாமி எடுத்த பொறவுதான் நான் கையே வைப்பேன்" என்றாள் பக்கத்து ஓட்டலில் பாத்திரம் கழுவும் மாடம்மாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. "போன மாசம் எனக்கு அஞ்சாயிரம் விழுந்துச்சு. எல்லாம் சாமி புண்ணியம்!"

"கேட்டியா? அஞ்சாயிரமாக்கும்!"

போனில் சூடாமணி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அப்படின்னா நீங்க எடுத்த அதே நம்பரை அவாளும் எடுக்கட்டும். ஒருத்தர் எடுத்தாப் போறும். நானே உங்க நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு வெக்கறேன்."

இவ்வளவுதானா? பிச்சுமணி ஸ்டூலை விட்டு எழுந்தார். "வேல்சாமி, அந்தப் பதினொண்ணையும் எடும். இன்னிக்கு எல்லாருக்கும் என் செலவு."

வேல்சாமி தலையைச் சொறிந்துகொண்டே மெதுவாக எடுத்துக் கொடுத்தார். ஷிஜு, யாரோ சவாரிக்குக் கூப்பிட்டது போல ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு அடி பின்னால் போனார்கள். நீட்டிய டிக்கெட்டைக் கண்டதும் மாடம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வாங்கிக்கோ மாடம்மா. ஓசிதானே!"

"ஓசின்னாலும் வேண்டாம் சாமி."

"ஏன்? இப்பத்தானே என் கணக்கை நம்பறேன்னு சொன்னே?"

"இப்பவும் நம்பத்தான் செய்யுதேன். நீங்க எடுத்த நம்பர் விழாதுன்னு நம்பித்தானே சாமி நாங்க மிச்சத்தை வாங்குதோம்."