ஒவ்வொன்றாக அணைத்தபோது

மின்னலைகளைக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் சின்ன சிக்னலை இரைச்சல் மூடியிருந்தது. அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால்தான் ஆய்வகத்தில் என் வேலை நிரந்தரமாகும். அலைவரிசைகளைப் பிரித்துக் காட்டும், இரவல் வாங்கிய ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் அது ஒரே முள்ளாக உயர்ந்து நின்றது. விசிறி, விளக்கு, பக்கத்துக் கடை மோட்டார் என்று நானும் மேலாளரும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். முள் குறையவில்லை. எனக்குக் கால் வலித்தது.

“மீதி நீயும் நானும்தான்லா. கொஞ்சம் வெளிய நில்லும்மா,” என்று சிரித்தார் மேலாளர் லாசரஸ்.

நடைபாதைக்குப் போனேன்.

“போயிடுச்சு! என்ன செஞ்சே?”

“ஒண்ணும் செய்யல சார்.”

உள்ளே வந்தேன். முள் திரும்ப எழுந்தது. அவர் திரையையே பார்த்தார்.

“நாளைக்கு வர வேணாம்மா.”

ஜாலான் புசார் சாலை நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரர் தன் டிரான்சிஸ்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கே பாட்டு தெளிவாகக் கேட்டது.