முனியன் சொன்ன ஃப்ளாரன்ஸ்

முனியன் வாயைத் திறந்தால் தன் கதை கந்தல் என்று வீரமுத்துவுக்குத் தெரிந்துபோனது.

கேட்டவர் வேறு யாருமில்லை, சொந்த மச்சான் நாராயணசாமி. வீரமுத்துவின் கரும்பாலைக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு, வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குச் சக்கை தள்ளிக்கொண்டிருந்த முனியனைக் கூப்பிட்டார்.

"டேய் முனியா, இவுரு சொன்னத கேட்டாச்சு. நீ சொல்லுடா. அந்த ஊர்ல ரெண்டு பேரும் இன்னா துன்னீங்க?"

கட்டிலைச் சுற்றிச் சாதிச் சங்கத்து ஆட்கள். போன புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டவர்கள். வீரமுத்துவும் அதில் ஜெயிலுக்குப் போய் வந்தவர்தான். அவரைக் கிளைத் தலைவர் ஆக்குவது என்று பேசி முடிக்கத்தான் இன்றைக்கு வந்திருந்தார்கள்.

ஊரில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த இத்தாலிக்காரர்கள்தான் இந்த வம்புக்கெல்லாம் காரணம். ஊர்த்தெருவில் ஒருத்தர், காலனியில் ஒருத்தர் என்று ஆள் கேட்டு, வீரமுத்துவையும் முனியனையும் ஏரோப்ளேன் ஏற்றி ஃப்ளாரன்ஸ் நகரத்தைச் சுற்றிக் காட்டி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் சங்கராபுரத்தையும் திருக்கோவிலூரையும் தாண்டி அதிகம் போகாத இரண்டு பேர்.

திரும்பி வந்ததிலிருந்து வீரமுத்து அளந்த அளப்புக்குக் குறைவில்லை. கல்வராயன் மலையைத் தூக்கி உச்சியில் கவிழ்த்த மாதிரி கும்மட்டம் வைத்த கோயில். ஆற்றுப் பாலத்தின் மேலேயே வரிசையாக நகைக்கடை. நட்டநடுத் தெருவில் கோவணம்கூட இல்லாமல் கம்பீரமாக நிற்கும் கல் மனுஷன், அவனைப் போட்டோ பிடிக்கும் பொம்பளைகள்.

எல்லாம் சொன்னார். சாப்பாட்டை மட்டும் ரொட்டி, பால், பழம் என்று சுருக்கிக்கொண்டார்.

அந்த ஊர் ரொட்டியில் உப்பே கிடையாது. அதையே தின்று தின்று வீரமுத்துவுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் சந்தை ஓரத்தில், தள்ளுவண்டிக்காரன் ஒருவன் குண்டானில் கொதித்துக்கொண்டிருந்த எதையோ எடுத்து நறுக்கி, ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்து, பச்சைச் சட்னி ஒன்றை ஊற்றி முனியன் கையில் கொடுத்தான். பார்த்ததும் முனியன் சிரித்துவிட்டார். மாட்டுக் குடல். காலனியில் ஞாயிற்றுக்கிழமை வேகிற அதே குடல்.

வாசனை வீரமுத்துவை விடவில்லை. "இங்க குடு" என்று முனியன் கையிலிருந்து வாங்கி, முனியன் கடித்த இடத்திலேயே கடித்தார்.

முனியன் பதறிப்போனார். "வாணாங்க. ஊர்ல தெரிஞ்சா..."

"தெரிஞ்சா இன்னாடா? நானே சொல்றேன், ஒரே ரொட்டிய ரெண்டு பேரும் துன்னோம்னு." வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னார். இன்னொன்று போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

இப்போது முனியன் சக்கையைக் கீழே போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

வீரமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாட்டுக் குடல் தின்றவன், அதுவும் காலனிக்காரன் எச்சிலைத் தின்றவன் என்று தெரிந்தால் தலைவர் பதவி கிடக்கட்டும், காதுகுத்துக்கும் கருமாதிக்கும்கூட எவனும் கூப்பிட மாட்டான்.

"அய்யோ, அவுரு வாயே வெக்கலீங்க" என்றார் முனியன். "ரொட்டியும் பாலுந்தான். மாட்டுக் கொடலு குடுத்தாங்க, அத நாந்தான் துன்னேன். இவுரு மூக்கப் பொத்திக்கினு அந்தாண்ட போயி நின்னுக்கினாரு. நான் வாயி கைய கழுவிக்கினு வந்தப்புறந்தான் கிட்டவே சேத்தாருங்க."

கொட்டகையே சிரித்தது.

"சீமைக்குப் போயும் இவனுங்க புத்தி போவுல பாரு" என்றார் ஒருவர். நாராயணசாமி பெருமையோடு வீரமுத்துவின் தொடையில் தட்டினார்.

வீரமுத்து பேசாமல் இருந்திருக்கலாம். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அந்த நாத்தம் கீதே, தூ! ரெண்டு நாளு எனக்கு ஒண்ணுமே எறங்கல" என்று காறித் தரையில் துப்பினார்.

முனியனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

துப்பிய பிறகுதான் வீரமுத்துவுக்கு உறைத்தது. எங்களை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று தொண்டை கிழியக் கத்தி ஜெயில் வரைக்கும் போனவர் அவர். உடம்பெல்லாம் கூசியது. மற்றவர்கள் தலைவரே, தலைவரே என்று கூப்பிட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அடுப்படிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். ஆனால் அவர் வாழ்நாளில் யாரிடமும், அதுவும் காலனி ஆளிடம், அதைக் கேட்டதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அனலில் நின்றார்.

அவர் பயந்துபோய் வந்து நிற்கிறார் என்று முனியன் நினைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க ஆண்டே" என்றார், குரலைத் தாழ்த்தி. "எம் பொண்டாட்டி காசியம்மாகிட்டயும் இப்பிடியேதான், நீங்க வாயே வெக்கல, என்னக் கிட்டவே சேக்கலன்னு சொல்லிகீறேன்."



முனியன் ஒரு கை சக்கையை அடுப்புக்குள் தள்ளினார்.

"நோண்டி நோண்டிக் கேப்பான்னு பாத்தேன். ஒண்ணுமே கேக்கலீங்க. ஒடனே நம்பிட்டா."