ஹஜ்ரத்துக்கு ஒரு நன்றி

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே செருப்புப் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, என் முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை போனில் தட்டிக்கொண்டிருந்தேன்.

நன்றிப் பக்கம்.

அச்சகத்தில் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார்கள். எனக்குப் பதிப்பாளர் என்று யாரும் கிடையாது. எழுதுவது, பிழை பார்ப்பது, அட்டைக்குப் படம் தேடுவது எல்லாம் நானேதான். அதனால் நன்றி சொல்லவும் ஆள் குறைவு, வேலை சுலபம் என்று நினைத்திருந்தேன்.

முதல் ஆளாக, எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தான் நினைவுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் கரீம் ஜும்மா தொழப் போவார். கடையைப் பூட்டுவதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு வரும் என்னைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போவார். எங்கள் கடைத்தெருவில் பாதி ஷட்டர் என்றால் ஆள் தொழப் போயிருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாரத்தில் எனக்கென்று இருக்கும் நேரம் அது ஒன்றுதான். வீட்டில் மாமியார், பிள்ளைகள், வருகிறவர், போகிறவர். ஒரு வரி எழுதி அடுத்த வரிக்குப் போவதற்குள் குக்கர் கூப்பிட்டுவிடும்.

முன்பு ஒருமுறை கரீமே கேட்டார், மத்தியானத்தில் கொஞ்ச நேரம் கடையைச் சாத்திவிடுகிறேன், நீ உட்கார்ந்து எழுதுகிறாயா என்று. எனக்குச் சுருக்கென்றது. உங்கள் வியாபாரத்தைக் கெடுத்துத்தான் நான் கதை எழுத வேண்டுமா என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் புது ஹஜ்ரத் வந்து சேர்ந்தார். தொழுகைக்கு முன் பயான் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார் என்று கரீம் வந்து சலித்துக்கொண்டார்.

உளுந்தூர்பேட்டையில் என் அம்மா வீட்டு ஆண்கள் ஜும்மாவுக்குப் போனால், சோறு வடித்து இறக்குவதற்குள் திரும்பிவிடுவார்கள். இங்கே கரீம் வருவதற்குள் டப்பாவில் சோறு ஆறிப்போகும். எங்கள் தெருப் பெண்கள் பள்ளிவாசலுக்குப் போவதில்லை. ஹஜ்ரத்தின் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியாது. அவர் அங்கே பேசப் பேச, என் கதை இங்கே வளரும். அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட ஷட்டரைத் தட்டியதில்லை. அதையும் அல்லாஹ்வின் கருணை என்றே நினைத்துக்கொள்வேன்.

நேற்று சாப்பிடும்போதுதான் கரீம் சொன்னார், ஹஜ்ரத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அடுத்த வாரம் வேறு ஆள்.

எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. இரண்டாவது புத்தகம் மனதுக்குள் தொடங்கியிருந்தது. அதை எப்போது எழுதுவது?

அந்த வருத்தத்தோடுதான் தட்டினேன்: 'எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களுக்கு. உங்கள் நீண்ட பயான்கள் இல்லையென்றால் இந்தக் கதைகள் இல்லை.'

எழுதி முடித்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் ஷட்டருக்குக் கீழே ஒரு முகம் குனிந்து எட்டிப் பார்த்தது. மலைக்கார அம்மா ஒருவர். தோளில் துணிப்பை, கையில் வார் அறுந்த செருப்பு.

"யம்மா, மலை பஸ்ஸு கெளம்பிடும், ஒரு செருப்பு குடுத்துடு. உங்க கடைக்காரரு எதிர்ல டீக்கடையில குந்திக்கினு, வர்றவங்களயெல்லாம் அப்பால வா, அப்பால வான்னு தொரத்திக்கினு இருக்காரு. போன வாரமும் இப்படித்தான் வெறுங்காலோட போனேன்."

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஸ்டூலிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்தேன்.

டீக்கடை பெஞ்சில் கரீம் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடங்கிச் சட்டைப்பையில் இருந்தது; தொழுதுவிட்டு எப்போதோ வந்திருக்கிறார். பிள்ளையோடு ஒரு புருஷன் பெண்டாட்டி எங்கள் கடைப் பக்கம் திரும்ப, இவர் கையைத் தூக்கி ஏதோ சொன்னார். அவர்கள் அப்படியே நேராகப் போய்விட்டார்கள்.

முகத்தில் பசி தெரிந்தது. அவருடைய சாப்பாடு என் பக்கத்தில் இருந்தது.

எத்தனை வெள்ளிக்கிழமைகள் இப்படிப் பசியோடு உட்கார்ந்திருப்பார்? மலைக்கார அம்மாவின் அளவைத் தேடி எடுக்கையில் பெட்டிகளெல்லாம் சரிந்தன. அவர் செருப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு, மகராசியாக இரு என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

போனைக் கையில் எடுத்தேன். ஹஜ்ரத் பேரை அழித்துவிட்டு வேறு பேர் போட விரல் போனது.

போடவில்லை. அந்தப் பேரைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துபோகும். என் ரோஷத்துக்குப் பயந்து ஒரு மனுஷன் இத்தனை நாள் பட்டினியாகக் காத்த ரகசியம். அது அவரிடமே இருக்கட்டும். பக்கத்தை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

புதுச் செருப்போடு அந்த அம்மா போனதைக் கரீம் கவனித்திருக்க வேண்டும். அவசரமாக எழுந்து, பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். நான் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே வந்து என் முகத்தையே பார்த்தார். நான் டப்பாவைத் திறந்து சோறு போட்டேன். வழக்கத்தைவிட ஜாஸ்தியாகப் போட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புதுசா வர்ற ஹஜ்ரத்து, இவர விட ஜாஸ்தி பேசுவாராம்."