டிப்ஸ் வாங்கும் கை

“டிப்ஸ் வாங்குற கையோட எங்க புள்ள கையை எப்படிங்க சேர்த்து வைக்கிறது?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா கஜலட்சுமி.

கட்டுகஸ்தோட்டையில் பெண் வீட்டாரின் புது வீட்டுக்குள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“சொகுசுக் கப்பல்ல என் மக அறை துப்புரவு பண்றதும் வேலைதாங்க,” என்றார் ராஜலிங்கம். “பயணிங்க மனசு நிறைஞ்சு குடுக்கிறது டிப்ஸ். பிச்சை இல்ல.”

“வெள்ளைக்காரன் படுத்த மெத்தைய உதறிட்டுக் கை நீட்டுறது வேற என்னவாம்?”



மகள் டிலானி எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து முடித்தாள். காலியான தட்டில் கஜலட்சுமி ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை வைத்தார்.

“பொண்ணு பார்க்க வந்தா காசு வைக்கிறது எங்க வழக்கம். வெச்சுக்கம்மா. ஆனா என் மகன் சஞ்சீவைக் கட்டின பிறகு நீ அந்தக் கப்பல் வேலைக்குப் போகவே கூடாது.”

டிலானி அந்தத் தாளை எடுத்துக் கஜலட்சுமியின் மடியிலேயே வைத்தாள்.

“கப்பல்ல யாரு எப்படிப் பேசினாலும், குடுக்கிறதைச் சிரிச்சுக்கிட்டே வாங்கணும் ஆன்ட்டி. அது அங்கத்த சட்டம். இது அந்த டிப்ஸ்ல நான் கட்டின வீடு.”