எதிரொலியை எடுத்துடு

சங்கனாச்சேரி சர்ச்சில் பெருநாள் பாட்டை ரெக்கார்டு பண்ணியாச்சு. எதிரொலியை அடக்க ஊரிலுள்ள கம்பளியெல்லாம் வாங்கிவந்து சுவர் பூராவும் தொங்கவிட்டிருந்தார்கள். இடம் துணி காயப்போட்ட கொல்லைப்புறம் மாதிரி ஆனதுதான் மிச்சம். எதிரொலி போகவில்லை.

முப்பது வருஷமாகப் பாட்டுக் குழுவை நடத்தும் வாத்தியார் ஔதக்குட்டி மாஷுக்கு அதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ரெக்கார்டுக்குள்ளே கேட்ட ஒரு பிசிறைத்தான் முடியவில்லை. எந்தப் பாட்டானாலும் ஒரு குரல் சுருதி விலகி, அரைத்தாளம் பிந்தி நொண்டியது.

"த்ரேசியாம்மாதான். வேற யாரு?"

முன்வரிசையில் நிற்கும் த்ரேசியாம்மாவை வாராவாரம் எல்லார் எதிரிலும் திட்டுவது மாஷின் வழக்கம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. புருஷன் போனபிறகு இந்தப் பாட்டை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

மாஷ் ரெக்கார்டிங்கார சிபியைக் கூப்பிட்டார்.

"எதிரொலியை எடுத்துடு. குரல் குரலாப் பிரிஞ்சு கேக்கட்டும். அவ தப்பை அவளுக்கே போட்டுக் காட்டி, இந்தப் பெருநாளோட அவளைக் குழுவிலேர்ந்து நிறுத்திடறேன்."

சிபி தலையைச் சொறிந்தான். கம்ப்யூட்டரில் சரியாக வராது, பாட்டில் ஜீவன் போய்விடும், சர்ச் என்றால் எதிரொலிதானே அழகு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான்.

"உனக்கு வேலை தெரியலேன்னு சொல்லு. கோட்டயத்துல ஆளா இல்லே?"

அதற்குமேல் அவன்தான் என்ன செய்வான்? மறுநாள் எதிரொலியைத் துடைத்தெடுத்துக் கொண்டுவந்து மாஷ் காதில் ஹெட்போனை மாட்டினான்.

ஆகா, என்ன சுத்தம்! த்ரேசியாம்மாவின் குரல் தனியே கேட்டது. சுருதி இம்மியும் பிசகவில்லை.

பிசிறு வந்தது மைக்குக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து. கையை ஆட்டித் தாளம் காட்டிக்கொண்டே கூடவே முனகிப் பாடும் ஓர் ஆண்குரல்.

அந்தக் குரலை மாஷுக்கு நன்றாகத் தெரியும். தினமும் குளிக்கும்போது ரசித்துக் கேட்கிற குரல்தான்.

மாஷ் ஹெட்போனைக் கழற்றினார்.

"இது உனக்கு முன்னமே தெரியுமாடா?"

சிபி ஹெட்போனை வாங்கி வயரைச் சுருட்டினான்.

"ரெக்கார்டிங் முடிஞ்ச அன்னிக்கே த்ரேசியாம்மா சேச்சி வந்து சொன்னாங்க மாஷே. 'மாஷ் கேட்டாலும் எதிரொலியை எடுத்துடாதே மோனே. திட்டு எனக்குப் பழகிடுச்சு. அவர் தாங்க மாட்டார்'னு."